பிரஸ் மூச்சுவிடும் நேரம்

காப்புரிமைச் சட்டத்துக்குள் ஓர் ஆள் இருக்கிறார். பெயர் கிடையாது, வயது கிடையாது, சொந்த ஊர் கிடையாது. தன் துறையில் உலகின் எந்த மூலையில் எது அச்சாகியிருந்தாலும் அது அவருக்குத் தெரியும். கருவிகளைக் கையாளத் தெரியும். சொன்ன வேலையைப் பழுதில்லாமல் முடித்துக் கொடுப்பார். ஒன்று மட்டும் அவருக்கு வராது: புதிதாக எதுவும் தோன்றாது. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் ஒரு கண்டுபிடிப்பை எடைபோட இவரைத்தான் கூப்பிடுகிறது. "இதில் என்ன இருக்கிறது, அடுத்தபடி இதுதானே" என்று இவருக்குப் பட்டுவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி. படாவிட்டால் இருபது ஆண்டுகளுக்கு உரிமை. கிண்டியில் ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கும் காப்புரிமை அலுவலகத்தில் பிரிக்கப்படும் ஒவ்வொரு கோப்பிலும் இவர் வந்து தலைகாட்டிவிட்டுப் போகிறார். சட்டத்துக்கு இப்படியொரு கற்பனை ஆள் தேவைதான். அளவுகோல் இல்லாமல் எதையும் அளக்க முடியாது. ஆனாலும் இவரைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ உறுத்துகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் முதல் ஷிப்ட் விடும் நேரத்தில் சாப்பாட்டுப் பையோடு பஸ்ஸுக்கு நிற்பவர்களில் பாதிப்பேர் பார்ப்பதற்கு இவரைப்போலத்தான் இருக்கிறார்கள். வேலை தெரிந்தவர்கள், தாளில் பெயர் வராதவர்கள். இந்த ஒற்றுமை எதுவரை போகிறது, எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்பதுதான் எனக்குப் பிடிபடாமல் இருக்கிறது.

அம்பத்தூர், பாடி வட்டாரத்தில் பிரேக் லைனிங் பழைய தொழில். எஸ்டேட்டுக்குள் ரானே, பாடியில் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் என்று ஊரறிந்த பெயர்கள் உண்டு. நான் சொல்லவருவது அவற்றைப் பற்றியல்ல, பெயர்ப்பலகைகூட ஒழுங்காக இல்லாத ஒரு ஷெட்டைப் பற்றி. உள்ளே நுழைந்ததும் மூக்கில் முதலில் ஏறுவது அம்மோனியா. அதற்குப் பின்னால் சூடான இரும்பு, தீய்ந்த ரப்பர், வறுத்த முந்திரித்தோல் மாதிரி ஏதோ ஒன்று. பிரேக் பேடின் கலவையில் பதினைந்து இருபது சரக்குகள் சேரும்: ஃபீனாலிக் ரெசின் தூள், ஆந்திராவின் மங்கம்பேட்டைச் சுரங்கத்திலிருந்து வரும் பாரைட்ஸ், கிராஃபைட், இரும்பு இழை, ரப்பர் தூள், இன்னும் என்னென்னவோ. கலந்த தூளை மோல்டில் கொட்டி, 150 டிகிரி சுற்றுவட்டாரச் சூட்டில் பிரஸ்ஸை இறக்கினால் ரெசின் முதலில் உருகி ஓடும், பிறகு இறுகும். அப்படி இறுகுவதற்காக ரெசினோடு சேர்த்திருக்கும் ஹெக்சமின் உடைந்து அம்மோனியாவைக் கக்கும். இந்த ஆவி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொண்டால் பேட் உப்பிவிடும், அல்லது விரிசல் விடும். அதனால் பிரஸ்ஸை ஒரு மயிரிழை தூக்கி, ஆவியைப் போகவிட்டு, மறுபடி அழுத்துகிறார்கள். இதற்கு ப்ரீத்திங் என்று பெயர். எத்தனை தடவை, எத்தனையாவது நொடியில் என்பதெல்லாம் டைமரில் ஏற்றப்பட்டிருக்கிறது. கார்த்திகை மாதத்து அடைமழை நாள் ஒன்றில் அங்கே பிரஸ் ஓட்டுகிறவர் டைமரைப் பொருட்படுத்தாமல் கையால் லீவரைத் தட்டினார். "மூணாவது ப்ரீத்திங்கைக் கொஞ்சம் முன்னாடியே குடுக்கணும் சார். பவுடர் ஈரம் வாங்கியிருக்கு." டைமர்தான் இருக்கிறதே என்றேன். "மழை பெஞ்சது டைமருக்கு எப்படித் தெரியும்?" எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, சத்தம் மாறுகிறது என்றார். ஆவி போகிற சீறல் வழக்கத்தைவிடக் கனமாகக் கேட்கிறதாம். எனக்கு எல்லாச் சீறலும் ஒரேமாதிரிதான் கேட்டது.

இதே சங்கதியைக் காப்புரிமைத் தாள்களில் வாசிப்பது வேறுவிதமான அனுபவம். எனக்கு அந்த வாசிப்பில் ஒரு பித்து உண்டு. நாவல் வாசிப்பவர்கள் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். உராய்வுப் பொருள் பற்றிய எந்த விவரக்குறிப்பை எடுத்தாலும் அது வீச்சுகளால் ஆனது. ரெசின் இத்தனை சதவீதத்திலிருந்து இத்தனை வரை, விரும்பத்தக்கது அதற்குள் இன்னும் குறுகிய ஒரு வீச்சு, அதனினும் விரும்பத்தக்கது அதற்குள் இன்னொன்று. வெப்பம் இவ்வளவிலிருந்து இவ்வளவு, நேரம் சில நிமிடங்களிலிருந்து பல நிமிடங்கள். சமையல் குறிப்பில் "உப்பு தேவையான அளவு" என்று எழுதுவார்களே, அந்தச் சங்கடத்தைச் சட்ட மொழியில் நீட்டி முழக்கினால் இப்படித்தான் வரும். இத்தனைக்கும் சட்டத்தின் பத்தாம் பிரிவு கறாராகப் பேசுகிறது. விண்ணப்பிப்பவர் தன் கண்டுபிடிப்பை முழுதாகவும் குறிப்பாகவும் விவரிக்க வேண்டும்; அதைச் செயல்படுத்தத் தனக்குத் தெரிந்த வழிகளில் ஆகச் சிறந்த வழியைச் சொல்லியாக வேண்டும். அதுதான் பேரமே. நீ ஒளிக்காமல் சொல், நான் இருபது வருஷம் காவல் இருக்கிறேன், அதன்பின் அது ஊருக்குச் சொந்தம். ஆனால் எழுதுகிறவர் பக்கத்து ஷெட்காரன் ஒரு சதவீதம் தள்ளிப்போய்த் தப்பித்துவிடக் கூடாதே என்ற கவலையில் வேலியை அகலப் போடுகிறார். வேலி அகல அகல, உள்ளே கிணறு எங்கே இருக்கிறது என்பது மங்கிவிடுகிறது. இதை மோசடி என்று சொல்லிவிட மனம் வரவில்லை. எடுத்துக்காட்டு 1, எடுத்துக்காட்டு 2 என்று துல்லியமான எண்களும் கொடுத்திருப்பார்கள். பொய் ஏதும் இல்லை. எடுத்துக்காட்டு 2இன் தட்டுகளை அழுத்திய அன்று மழை பெய்ததா என்பது மட்டும் இருக்காது. அதை எழுத வேண்டும் என்று எழுதியவருக்குத் தோன்றியிருக்காது. அவர் பிரஸ் பக்கத்தில் நின்றவராக இருக்க வாய்ப்பும் குறைவு. அவர் எழுதாததை யார் நிரப்புவார்கள் என்றால், நமது கற்பனை ஆள்தான். துறை தெரிந்தவர் இதை வாசித்தால் செய்துவிடுவார் என்பது சட்டத்தின் நம்பிக்கை. அதாவது புதிதாக எதுவும் தோன்றாதவர் என்று ஒரு பிரிவில் வைத்துக்கொண்டு, சொல்லாமல் விட்டதையெல்லாம் தானே ஊகித்துக்கொள்ளும் திறமையை இன்னொரு பிரிவில் அதே ஆளிடம் எதிர்பார்க்கிறது.

இந்த இடத்தில் மிர்சாபூர் பாத்திரக்காரர்களின் வழக்கு ஞாபகத்துக்கு வருகிறது. பித்தளைப் பாத்திரத்தைச் சுரண்டி மெருகேற்ற லேத்தில் மாட்ட வேண்டும். பழைய வழக்கப்படி பாத்திரத்தைப் பசை வைத்து ஒட்டிச் சுழலவிடுவார்கள். ஒட்டவும் பிரிக்கவும் நேரம் பிடிக்கும், சமயத்தில் பிய்த்துக்கொண்டு பறக்கும். ஒட்டாமல் இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்தே சுழற்றலாம் என்ற ஏற்பாட்டுக்கு ஒரு நிறுவனம் 1951இல் காப்புரிமை வாங்கியது. இன்னொரு நிறுவனம் அதையே செய்தது. வழக்கு அலகாபாத்தில் ஒரு நீதிபதியிடம் ஒருவிதமாகவும், அமர்வில் வேறுவிதமாகவும் முடிந்து, உச்ச நீதிமன்றம்வரை வந்தது. 1978 டிசம்பரில் நீதிபதி சர்க்காரியா எழுதிய தீர்ப்பு காப்புரிமையை ரத்து செய்தது. லேத்தில் அழுத்திப் பிடிப்பது தெரிந்த சங்கதி. அதைப் பாத்திரத்துக்குக் கொண்டுவந்தது வெறும் பட்டறைச் சீர்திருத்தம். கண்டுபிடிப்பு என்றால் அதைவிட ஒரு படி மேலே ஏறியிருக்க வேண்டும். இன்றைக்கும் இந்தியக் காப்புரிமை வழக்குகளில் இந்தத் தீர்ப்பைத் தொடாமல் யாரும் வாதாடுவதில்லை. தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். இப்படியொரு பிடிமானத்தை ஒருவர் இருபது வருஷம் பூட்டிவைத்தால் ஒரு தெருவே வேலையிழக்கும். ஆனால் அந்தப் பட்டறைச் சீர்திருத்தம் என்ற சொல் என்னை விடுவதாயில்லை. அது எதற்கெல்லாம் பொருந்தும் என்று யோசித்தால் தலை சுற்றுகிறது. கார்ல் பென்ஸின் மோட்டார் வண்டிக்கு 1886இல் ஜெர்மன் காப்புரிமை கிடைத்தது. எண் 37435, பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடப் படிக்கும் வரலாறு. இரண்டு வருஷம் கழித்து அவர் மனைவி பெர்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த வண்டியில் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். இறக்கங்களில் மரக்கட்டைப் பிரேக் தேய்ந்துபோக, வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் நிறுத்தி, கட்டையின் மேல் தோல் வைத்து ஆணி அடிக்கச் சொன்னார். உலகின் முதல் பிரேக் லைனிங் அதுதான் என்கிறார்கள். அதற்கு எண் கிடையாது. கிண்டி அலுவலகத்துக்கு அந்தச் செருப்புக்காரர் வந்திருந்தால் மிர்சாபூர் தீர்ப்பைக் காட்டித் திருப்பி அனுப்பியிருப்பார்கள். தோல் தெரிந்தது, ஆணி தெரிந்தது, தேய்மானத்துக்கு மேல்தோல் போடுவது அவருடைய அன்றாடத் தொழில்.

எண் கிடைப்பதும் பெரிய நிச்சயம் ஒன்றுமில்லை. அம்பத்தூரில் டன்லப் என்று ஒரு பஸ் ஸ்டாப் இருக்கிறது. 1959இல் அங்கே வந்த டயர் ஆலை எத்தனையோ முறை மூடித் திறந்து நொடித்துப்போயிற்று. நடத்துனர்கள் இன்றும் டன்லப் என்றுதான் கூவுகிறார்கள். ஜான் பாய்டு டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தன் மகனுடைய மூன்றுசக்கர சைக்கிளுக்காகக் காற்றடைத்த டயர் செய்து 1888இல் காப்புரிமை வாங்கினார். கொஞ்ச நாளில் அது செல்லாமல் போயிற்று. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845இலேயே அதே யோசனைக்கு உரிமை பெற்று, வாங்க ஆளில்லாமல் அது தூசி படிந்து கிடந்திருக்கிறது. டன்லப் பெயரில் வளர்ந்த கம்பெனியைக் காப்பாற்றியது அவருடைய காப்புரிமையல்ல. டயரைச் சக்கரத்தில் மாட்டவும் கழற்றவும் வெல்ச், பார்ட்லெட் என்று வேறு இருவர் கண்டுபிடித்த விளிம்பு உத்திகளைக் கம்பெனி வாங்கிக்கொண்டது. காற்றை அடைக்கும் பெரிய யோசனை சட்டத்தில் தோற்றது, விளிம்பை மாட்டும் சின்ன யோசனை நின்றது. பஸ் ஸ்டாப்புக்குப் பெயர் கிடைத்ததோ தோற்றவருக்கு. எது பட்டறைச் சீர்திருத்தம், எது கண்டுபிடிப்பு என்ற கோடு நான் நினைத்திருந்த இடத்தில் இல்லை.

இனி முந்திரி. ஷெட்டில் வறுத்த வாசனை என்றேனே, அது பிரமையல்ல. பேடுக்குள் போகும் சரக்குகளில் காப்பிப்பொடி நிறத்தில் ஒரு தூள் உண்டு. ஃப்ரிக்‌ஷன் டஸ்ட் என்பார்கள், சிலர் சுருக்கமாகக் கேஷ்யூ. முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள் தேன்கூடு போன்ற அறைகளில் இருக்கும் எண்ணெயைக் கெட்டியாக்கி அரைத்தது அது. பண்ருட்டிப் பக்கம் கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணெயைத் தெரிந்திருக்கும். தோலைப் பொத்து, கறுக்கவைக்கும். சாம்பலும் விளக்கெண்ணெயும் தடவிக்கொண்டுதான் உட்காருவார்கள். அதன் பெரும்பகுதி அனகார்டிக் அமிலம். சூடாக்கினால் அதிலிருந்து கரியமில வாயு கழன்று, கார்டனால் ஆகிறது. கார்டனால் ஒரு வகை ஃபீனால். ஆனால் பதினைந்து கார்பன் நீளத்துக்கு ஒரு வால் தொங்கும். லியோ பேக்லேண்ட் 1909இல் காப்புரிமை பெற்ற ஃபீனால் பிசின் சூட்டுக்கு அசையாது, ஆனால் நொறுங்கும் குணம் கொண்டது. இந்த வால்தான் அதற்கு நெகிழ்வு தருகிறது. பேடில் இந்தத் தூள் கலந்திருந்தால் பிரேக் கிறீச்சிடுவது குறையும், சூடு ஏற ஏறப் பிடிமானம் தாறுமாறாக மாறாது. இதையெல்லாம் 1920களிலிருந்து வரிசையாகக் காப்புரிமைகளாக்கியவர் மார்டிமர் ஹார்வி என்ற அமெரிக்க வேதியியலர். நம் கடற்கரையில் படகுப் பலகைக்கு இதே எண்ணெயைப் பூசி உப்புத்தண்ணீரிலிருந்தும் பூச்சியிலிருந்தும் காத்தவர்கள் அவருக்கு முன்பே இருந்தார்கள். இங்கே ஒரு வசதியான கோபம் தயாராகக் காத்திருக்கிறது; மஞ்சள் காப்புரிமைக் கதையைச் சொல்லிச் சொல்லி நமக்கு அது பழகியும்விட்டது. எனக்கு அந்தக் கோபம் இந்த விஷயத்தில் வரவில்லை. படகுக்குப் பூசியவர்கள் அதை அமிலமோ ஆல்டிஹைடோ சேர்த்து இறுக்கிப் பொடிசெய்து பிரேக்குக்குள் வைக்கவில்லை. ஹார்வி செய்தது வேறு வேலை. முந்திரியே பிரேசிலிலிருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த மரம்தான். எனக்கு உறைப்பது வேறொன்று. எண்ணெய் பொசுக்கும் என்பதும், எந்த அளவு சூட்டில் ஓடு எண்ணெயைக் கக்கும் என்பதும், கையில் எதைத் தடவினால் வேலை ஓடும் என்பதும் உடைக்கிற பெண்களுக்குத் தெரியும். அந்த அறிவு இல்லாமல் ஒரு பீப்பாய் எண்ணெய்கூட கப்பல் ஏறியிருக்காது. எந்த விவரக்குறிப்பும் அதை அறிவாகக் கணக்கில் எடுத்ததில்லை. மூலப்பொருள் சந்தையில் கிடைக்கும் என்று ஒரு வரியோடு தாண்டிப்போய்விடும். சந்தையில் கிடைக்கும் என்பது வேதியியலில் ஆகப் பெரிய மறைப்பு.

கல்நார் கதை இதைவிட மோசம். ஹெர்பர்ட் ஃப்ரூட் 1897இல் இங்கிலாந்தில் ஃபெரோடோ கம்பெனியைத் தொடங்கி, பிரேக் லைனிங்கை ஒரு தனித் தொழிலாக்கியபின், கல்நார் அந்தத் தொழிலின் முதுகெலும்பாகப் பல பத்தாண்டுகள் இருந்தது. அந்தக் காலத்துத் தாள்களில் இழையின் நீளம், நெசவு, தோய்க்கும் பிசின் எல்லாம் விரிவாக இருக்கும். கிரைண்டிங் முடிந்தபின் மிதக்கும் தூசு யார் நெஞ்சுக்குள் போய் உட்காரும் என்பதற்கு அந்தத் தாளில் இடமே கிடையாது. ஒரு பொருள் வேலை செய்கிறதா என்று மட்டுமே அது கேட்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் முழுதாகத் தடைசெய்தது. இந்தியாவில் வெட்டியெடுப்பது நின்றது, இறக்குமதி நிற்கவில்லை. பிரேக்கில் கல்நாரின் இடத்துக்கு வந்தவற்றுள் ஒன்று கெவ்லர் இழை. 1960களில் டூபான்ட் ஆய்வுக்கூடத்தில் ஸ்டெஃபனி குவோலெக் செய்த கரைசல் பார்க்கக் கலங்கி, தண்ணீர்போல ஓடியதாம். நூற்கும் எந்திரத்தை ஓட்டியவர், இது துளைகளை அடைத்துவிடும் என்று முதலில் மறுத்திருக்கிறார். குவோலெக் விடாமல் வற்புறுத்தி நூற்கவைத்தார். எஃகைவிட வலுவான இழை பிறந்தது. இந்தக் கதையை எல்லோரும் குவோலெக்கின் பிடிவாதத்துக்காகச் சொல்கிறார்கள், நியாயந்தான். நான் அந்த எந்திரக்காரர் பக்கத்திலும் கொஞ்ச நேரம் நின்று பார்க்கிறேன். கரைசலைப் பார்த்த மாத்திரத்தில் இது வழக்கமான சரக்கு இல்லை என்று அவர் கண் சொல்லிவிட்டது. முடிவில் தவறினார், கவனிப்பில் தவறவில்லை. சட்டத்தின் ஆளுக்கு மிக நெருங்கியவர் இவர்தான்: தெரிந்ததை எல்லாம் தெரிந்தவர், அதனாலேயே வேண்டாம் என்றவர். அம்பத்தூர்க்காரர் லீவரைத் தட்டியதும் அதே கண், அதே காதுதான். அவருக்கு வேண்டாம் என்று சொல்ல உரிமையில்லை; சரக்கு சாயங்காலம் வண்டி ஏறியாக வேண்டும்.

ஆகவே காப்புரிமை வேண்டாம், ரகசியமாகவே வைத்துக்கொள்வோம் என்று முடிவெடுக்கும் முதலாளிகள் உண்டு. வணிக ரகசியத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. ரகசியம் மனிதர்களின் தலைக்குள்தான் இருக்கிறது, தலைகள் கேட்டைத் தாண்டிப் போகின்றன. எஸ்டேட்டின் வரலாறே அதுதானே. பெரிய கம்பெனியில் கற்றவர் இரண்டு தெரு தள்ளி ஒரு ஷெட் பிடித்து, ஜாப் ஒர்க்கில் தொடங்கி, பழைய கம்பெனிக்கே சப்ளை செய்வார். இது திருட்டா, கல்வியா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. இதற்கிடையே சரக்கும் மாறிக்கொண்டே இருக்கிறது. பிரேக் தூசியிலுள்ள செம்பு ஓடைகளில் கலந்து சால்மன் மீன்களைக் கெடுக்கிறது என்று கலிஃபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும் 2010இல் சட்டம் போட்டன. 2025இலிருந்து புதிய பேடுகளில் அரை சதவீதத்துக்கு மேல் செம்பு கூடாது. சூட்டைக் கடத்திக்கொண்டிருந்த செம்பு போனால் கலவை முழுதும் ஆட்டம் காணும். அங்கே ஏற்றுமதி செய்ய நினைப்பவர்கள் புதிய கலவை எழுத வேண்டும், புதிய விண்ணப்பம் போட வேண்டும், ஏதோ ஒரு பிரஸ்ஸில் யாரோ மூன்றாவது ப்ரீத்திங்கை மறுபடி தேட வேண்டும். அந்த யாரோவின் பெயரையும் விண்ணப்பத்தில் சேர்த்தால் என்ன? படிவத்தில் கண்டுபிடித்தவர்களின் பெயருக்கு இடம் இருக்கிறது. இணையவழியில் தனிநபருக்கு 1,600 ரூபாய், பெரிய நிறுவனத்துக்கு 8,000 என்ற தாக்கல் கட்டணம் பெயர்களின் எண்ணிக்கையால் ஏறாது. பெயர் குறிப்பிடப்படுவதால் உரிமையில் எதுவும் கூடவோ குறையவோ செய்யாது என்று 28ஆம் பிரிவே உறுதி தருகிறது. யோசனை யாருடையதோ அவரே கண்டுபிடிப்பாளர், கை உதவியவர் அல்ல என்று வழக்கறிஞர்கள் பதில் சொல்வார்கள். மழைநாளின் சீறலைக் கேட்டு நேரத்தை மாற்றுவது யோசனையா, கை உதவியா என்று அவர்களிடம் திருப்பிக் கேட்கலாம். தெளிவான பதில் வருமென்று தோன்றவில்லை. இதையெல்லாம் பிரஸ் ஓட்டுகிறவரிடம் சொல்லிப் பார்த்தேன். கையுறையைக் கழற்றியபடி, "பேரு போட்டா ஓ.டி. ஏறுமா சார்?" என்றார். ஏறாது. அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை, அடுத்த மோல்டை நிரப்பப் போய்விட்டார். அப்படியானால் இதை நான் யாருக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதும் இப்போது சந்தேகமாகிவிட்டது. தாளில் பெயர் வரவேண்டும் என்ற ஆசை எழுதுகிறவனுக்கு இருக்கிற அளவு பிரஸ் ஓட்டுகிறவருக்கும் இருந்தாக வேண்டும் என்று என்ன கட்டாயம்?